ஒன்பதாவது படம்

முதலாவது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று சித்திரையில், குடிதண்ணீர்க் குழாய் கேட்ட பதினோரு பேரை மேற்குத் தோல் பதனிடும் ஷாப்பு வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தியது. இரண்டாவது, எழுபத்து நான்கில், சதை சீவும் மிஷினில் சூசையம்மாளுக்கு மூன்று விரல் போனபோது, அது அவளுடைய கவனக்குறைவு என்று எழுதி அவளையே கைநாட்டு வைக்கச் சொன்னது, அதுவும் மிஞ்சியிருந்த விரலில். மூன்றாவது, எழுபத்தொன்பது தை மாதம், சங்கத்தில் முன்னால் நின்ற ஒன்பது பேருக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒன்பது பேருக்கும் இருதயம் பெருத்திருக்கிறது, வேலைக்கு லாயக்கில்லை என்று கம்பெனி டாக்டரை வைத்து எழுதி வெளியேற்றியது. நான்காவது, அதே வருஷம் ஆனியில், அந்த ஒன்பது பேரில் ஒருவனான சந்தியாகுவை, போராடி உள்ளே திரும்பிய நாற்பத்தொன்றாம் நாள், ஈரத் தோல் சுமக்க வைத்தே கொன்றது. ஐந்தாவது, எண்பத்தொன்றில் வாசல் கூட்டத்தில் தடியடி நடக்கச் செய்து, இன்னாசிமுத்துவின் வலது சிறுநீரகத்தைப் பறித்தது. ஆறாவது, எண்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷின்களையெல்லாம் லாரியில் ஏற்றி வேறு ஜில்லாவுக்குக் கொண்டுபோனது. ஏழாவது, சுண்ணாம்புக் குழிகளை மண் போட்டு மூடி, செத்தவர்களின் வியர்வை ஊறிய அந்த இடத்தை மனைகளாகப் பிரித்து விற்றது.

கம்பெனி செய்த தப்புகளின் வரிசை சரியாகத்தான் இருந்தது. வரிசை தப்பினால் மனு செத்தது என்று இன்னாசிமுத்து ஐம்பது வருஷமாகச் சொல்லி வருகிறார். தப்பு முதலில், தேதி வாரியாக, அப்புறம் கோரிக்கை, பேர் கடைசியில். பேரை முதலில் சொன்னால் ஜனம் அந்த ஆளின் மேல் உள்ள பயத்தையோ பிரியத்தையோ நினைத்துக்கொண்டு தப்பைக் காதில் வாங்காது. எழுதியவன் வாசிக்கக் கூடாது, வேறொருவர் வாசிக்க வேண்டும், சங்கத்துக்கு வெளியே உள்ள இரண்டு சாட்சிகள் கேட்க வேண்டும். இதையெல்லாம் அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. எட்டுப் பக்கத் துண்டுப் பிரசுரங்களை எழுத்துக் கூட்டி வாசித்து, பாதியை அதிலிருந்தும் மீதியை அடிபட்டும் கற்றுக்கொண்டார். இப்போது எழுபத்தெட்டு வயதில், அரசாங்க ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுக்கும் அறைக்கு வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கான அச்சுத் தாளை மடியில் விரித்து வைத்திருந்தார். சாயந்திரம் நாலு மணிக்கு அச்சகத்து ஆள் வந்து வாங்கிப் போவான். பக்கத்தில் அமலோற்பவம் என்கிற அமலு, சந்தியாகுவின் மகள், சங்க அலுவலகத்தின் சகலமும், அவருடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாத அவருக்கு ஆஸ்பத்திரிப் படிவத்தில் உறவினர் என்ற இடத்தில் எழுத வேறு பேர் கிடையாது. "அந்தக் காகிதத்த மடிச்சு வைங்க பெரியப்பா. அதுக்கே ஒங்களுக்கு மூச்சு வாங்குது." "வரிச சரியா இருக்கான்னு பாக்குறேன்." "ஒங்க வரிசதான். வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து கேக்குறேன், நாலாவது எங்கப்பான்னு." அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், வீட்டு எண்ணைச் சொல்வது போல.

முப்பது என்று கூப்பிட வேண்டியவர்கள் இருபத்தொன்பதையே இரண்டு தடவை உள்ளே விட்டார்கள். அவர் பார்த்தார். நீலச் சட்டைக்காரரும் பச்சைச் சேலைக்காரியும் ஒரே எண்ணாக இருக்க முடியாது. காவலாளி எண் அட்டையை எதற்குத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். போன வாரம் வெளிநோயாளிப் பிரிவில் இருந்த டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் சீட்டில் மூன்று எழுத்தை எழுதினார். என்ன எழுத்து என்று கேட்டதற்குப் படம் எடுத்துட்டு வாங்க சொல்றேன் என்றார். சொல்லாமல் எழுதுகிறவனை நம்பக் கூடாது. வெள்ளைச் சட்டையும் மூன்று எழுத்தும் சேர்ந்துதான் அந்த ஒன்பது பேரைத் தெருவில் நிறுத்தியது. இருதயம் பெருத்திருக்கிறது. எத்தனை வசதியான வியாதி. கால் வீங்கினால் எல்லாரும் பார்க்கலாம், இருதயம் வீங்கினால் யார் பார்ப்பது. அவர் பார்த்தார். தை மாதத்து வெயிலில் ஷாப்பு வாசலில் டிரம் மேல் ஏறி நின்று, ஒன்பது படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இடது பக்கம் மூணாவது விலா எலும்பைப் பாருங்க தோழர்களே, வளைஞ்சிருக்கா. இதுலயும் பாருங்க, அதே வளைசல். ஒம்பது பேருக்கும் ஒரே எலும்புதான் ஒடஞ்சுதா. யாரோ ஒரு நோயாளியின் நெஞ்சுக்கு ஒன்பது பேர் பெயரை ஒட்டியிருந்தார்கள். முந்நூறு பேர் அவரோடு சேர்ந்து ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார்கள். ஏழு, எட்டு. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவருக்கு எதையாவது செய்யத் தோன்றும், செருப்பைச் சரிசெய்வது, சட்டைப் பொத்தானைத் தடவுவது. இப்போது இருமினார். அமலு தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

உள்ளே சட்டையைக் கழற்றி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். நவநீதன் என்று பேர் குத்தியிருந்த இளைஞன் நெஞ்சில் ஜில்லென்று ஒரு பசையைத் தடவி, கைப்பிடியளவு கருவி ஒன்றை விலா இடுக்கில் வைத்து அழுத்தினான். ஒரே இடத்தில் மூன்று தடவை அழுத்தினான். ஏன் மூன்று தடவை. அப்புறம் போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் கருவி, காலில் சாதாரண ரப்பர் செருப்பு. பெயர் மங்கையர்க்கரசி. அந்த மூக்கைப் பார்த்ததும் இன்னாசிமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது. கம்பெனி டாக்டர் சேஷகிரியின் மூக்கும் இப்படித்தான் நுனியில் கொஞ்சம் தடித்திருக்கும். "டாக்டருக்குச் சொந்த ஊரு?" "நாகர்கோவில் பக்கம்." அப்படித்தான் சொல்வார்கள். "தாத்தா யாரும் டாக்டரா இருந்தாங்களா?" "தாத்தா வாழைக்குலை வியாபாரம். மூச்ச இழுத்துப் பிடிங்கய்யா. விடுங்க." அவள் ஏதோ பொத்தானை அழுத்தியதும் அறைக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஈரத் தோலைக் கல்லில் ஓங்கி அடிக்கிற சத்தம், அச்சாக அதே சத்தம், சளக், சளக், சுண்ணாம்புக் குழியிலிருந்து தூக்கிப் போட்ட மாட்டுத்தோல். எங்கிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பினார். "ஒங்க இருதயந்தான் தாத்தா," என்றான் நவநீதன்.

"பிரஷர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டாள். "எனக்குப் பிரஷர் கிடையாது. என்னாலதான் அடுத்தவனுக்குப் பிரஷர்." நவநீதன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்காமல் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதுவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஒளிக்கிறவர்களோடுதான் அவருக்குப் பழக்கம். "இந்தச் சுவரப் பாருங்க. பதினோரு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். ஒங்களுக்குப் பதினேழு." "பெருத்திருந்தா பலம்தான?" "கைச்சதையா இருந்தா சரி. ரத்தக்குழாய் இறுகிக் கெடக்கு, ஒவ்வொரு துடிப்புக்கும் இது முட்டித் தள்ள வேண்டியிருக்கு. வருஷக்கணக்கா தள்ளித் தள்ளித் தடிச்சிருச்சு. தடிச்சது வெறச்சுப்போச்சு. சுருங்கத் தெரியுது, விரியத் தெரியல. விரிஞ்சாத்தான ரத்தம் உள்ள வரும்? அதனாலதான் படியேறுனா மூச்சு முட்டுது. இவ்வளவு சதைக்குத் தீனி போடுற அளவுக்கு ரத்தக்குழாயும் கூட வளரல. இப்படியே விட்டா ஒரு நாள் தளர்ந்துரும், இல்ல தாளம் தப்பிரும்." மூடிய கையை ஐம்பது வருஷம் மூடியே வைத்திருந்தால் விரல் விரியாது. அவர் போர்வைக்கு அடியில் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். விரிந்தது. "கிட்னியும் பெருசா இருக்குன்னு போன மாசம் எழுதுனாங்க. மூத்திரப்பையும் தடிச்சிருக்காம். எல்லாத்தையும் பெருசு பெருசுன்னு எழுதுனா எப்படி?" அவள் காகிதங்களைப் புரட்டினாள். "கிட்னி வளர்ந்தது நல்லது. ஒன்னு போயிருச்சு, இன்னொன்னு ரெண்டு பேர் வேலையையும் எடுத்துக்கிட்டு வளர்ந்திருக்கு. மூத்திரப்பை வேற. வழி அடைபட்டதால முக்கி முக்கித் தடிச்சது. வளர்ந்துச்சாங்கறது பெருசில்ல, எதனால வளர்ந்துச்சுங்கறதுதான்."

அந்த இடத்தில் எழுந்து சட்டையைப் போட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. வாசல் கூட்டங்களில் எதிராளியின் வாயிலிருந்தே பதிலை வரவழைப்பது அவருக்குக் கை வந்த வித்தை. இந்தப் பெண்ணின் வாயாலேயே நான்காவதை உறுதிசெய்துகொண்டு, நிம்மதியாக அச்சுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன். முப்பத்தோரு வயசு. குடி கிடையாது, பீடி கிடையாது. எக்ஸ்ரேல இருதயம் பெருசுன்னு எழுதுனாங்க. ஈரத் தோல் சுமந்துக்கிட்டே விழுந்துட்டான். சுமந்து சுமந்துதான பெருத்திருக்கும்?" அவள் யோசித்தாள். ஆமாம் என்று சொல்வதற்கு இவ்வளவு யோசனை எதற்கு. "சுமக்குறதாலயும் ஓடுறதாலயும் வளரும். ஆனா அது நல்லபடியா வளர்றது, அதனால சாக மாட்டாங்க. நாலஞ்சு மாசம் ஓய்வு கொடுத்தா எறங்கிரும். அவர் நடுவுல வேலைய விட்டு நின்னிருந்தாரா?" "நாலு மாசம் வெளிய நிறுத்தி வச்சிருந்தாங்க." "அதுக்கப்புறமும் விழுந்தார்னா வேலையால வந்ததா இருக்காது. பொறவியிலயே ரத்த வழியா வர்ற தடிப்பு ஒன்னு இருக்கு. வெளிய ஆள் திடகாத்திரமா இருப்பாங்க. ஓடையில, தூக்கையில திடீர்னு போயிரும். அவர் வீட்ல வேற யாராச்சும் எளவயசுல...?" கபடிக் களத்தில் விழுந்து செத்த, சந்தியாகுவின் அண்ணன் சூசைராஜ், இருபத்தாறு வயது. அவர் அதைச் சொன்னார், ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அவருக்குப் பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க இருந்தா எல்லாருக்கும் இந்தப் படம் எடுக்கணும். யாராச்சும் மயங்கி விழுந்திருந்தா இன்னைக்கே எடுக்கணும். இருக்காங்களா?" "தெரியாது," என்றார் இன்னாசிமுத்து. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அமலுவின் செருப்புச் சத்தம் கேட்டது.

வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அமலு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து ஊட்டாத குறையாகக் கையில் கொடுத்தாள். என்ன சொன்னாங்க என்றாள். பிரஷராம் என்றார். சந்தியாகுவுக்குப் பொறவியிலயே. என்ன ஆதாரம். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தி மண்ணுக்குள் போனவனைப் பற்றி ரப்பர் செருப்புப் போட்ட ஒரு பெண் நாலு கேள்வி கேட்டுச் சொல்லிவிடுவாளா. கம்பெனிக்கு ஆதரவான பேச்சுத்தானே இது. கம்பெனியே இல்லையே, மனைகளில் வீடு கட்டி மாடியில் துணி காயப்போடுகிறார்கள். இருந்தாலும். இவளை யாரோ ஏவிவிட்டிருக்கலாம். மலர் அச்சுக்குப் போகிற நாளிலேயே இவள் ஏன் இதைச் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை, நான் கேட்டேன். நான் ஏன் கேட்டேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். என்ன தெரியும், ஒன்றும் தெரியாது. ஏழு, எட்டு. சைக்கிள் கடை மாடியில் சங்க அலுவலகம், மாசி மாதத்து மத்தியானம், தகரக் கூரை கொதிக்கிறது, அவர் மட்டும் உட்கார்ந்து சுவரொட்டிக்குப் பசை கிண்டிக்கொண்டிருக்கிறார். சேஷகிரி படியேறி வருகிறார். வாசலில் ஷூவைக் கழற்றுகிறார். சங்க அலுவலகத்தில் ஷூவைக் கழற்றியவர் அவர் ஒருத்தர்தான். உட்காரவில்லை. "மத்த எட்டப் பத்தி எங்கிட்டக் கேக்காதீங்க. நான் கையெழுத்துப் போட்டவன், எனக்கும் குடும்பம் இருக்கு. ஆனா சந்தியாகு படம் நெசம். காத வச்சுக் கேட்டாலே எரையுது. அவன மட்டும் தூக்குற வேலைக்கு விடாதீங்க. வாட்ச்மேனாப் போடச் சொல்லிக் கேளுங்க, நானும் எழுதித் தர்றேன்." ஒரு சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நடிப்பு என்று இன்னாசிமுத்து நினைத்தார். ஒன்பதில் ஒன்றைக் கழற்றச் சொல்கிறான். ஒன்றைக் கழற்றி, ஆமாம் இவன் நோயாளிதான் என்று நாமே ஒப்புக்கொண்டால், மற்ற எட்டும் தானாகக் கழன்று விழும். அதுதான் முதலாளியின் மூளை. ஒன்பது என்றால் ஒன்பது. எல்லாரையும் எடு, இல்லையென்றால் யாரும் வேண்டாம். எல்லாப் பிரசுரங்களிலும் அப்படித்தான் இருந்தது. சீட்டைக் கிழித்துப் பசை வாளியில் போட்டுக் கிளறினார். அன்று ஒட்டிய சுவரொட்டிகள் நன்றாக ஒட்டின.

ஆனால் அதற்கு முந்தியே, தை மாதமே, டிரம் மேல் நின்றபோதே. அதுதான் விஷயம். ஏழு, எட்டு என்று ஜனம் எண்ணியது, ஒன்பதாவது படத்தை எடுத்தார், வெயிலில் தூக்குவதற்கு முன் ஒரு கணம் பார்த்தார். எலும்பு வளைந்திருக்கவில்லை. விலாக்களெல்லாம் நேராக இருந்தன, நடுவில் பானை கவிழ்த்த மாதிரி வெள்ளையாக ஒரு பெரிய நிழல். மூலையில் சந்தியாகு என்ற பேர். கீழே முதல் வரிசையில் அவனே நின்று, மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து எண்ணக் காத்திருந்தான். இன்னாசிமுத்து அந்தப் படத்தை அடியில் தள்ளிவிட்டு, முதலில் காட்டிய படத்தையே மறுபடி எடுத்துத் தூக்கிப் பிடித்தார். ஒன்பது என்று ஜனம் கத்தியது. தோளில் இருந்த பிள்ளையும் கத்தியது, அதற்கு ஆறு வயது. ஒரே படத்தை இரண்டு பேருக்குக் காட்டுவது. கம்பெனி செய்த அதே வேலை. கம்பெனி எட்டுத் தடவை செய்தது, அவர் ஒரு தடவை. சுண்ணாம்புக் குழி ஓரத்தில் ஆனி மாதம் அவனைப் புரட்டிப் போட்டபோது தலையில் சுமந்திருந்த மாட்டுத்தோல் அவன் முகத்தை மூடிக்கிடந்தது. அதை விலக்கியதும் இன்னாசிமுத்து முதலில் சொன்ன வார்த்தை, கொன்னுட்டாங்க. அங்கே வேறு யாரும் அதற்கு முன் எதுவும் சொல்லவில்லை. அதை அவரே சொல்லி, அவரே எழுதி, அவரே வரிசையில் நான்காவதாக வைத்து, வருஷா வருஷம் அந்தப் பிள்ளையைக் கொண்டே வாசிக்க வைத்தார். பத்தொன்பது வயதிலிருந்து சங்கத்து மனுக்களை எல்லாம் அவள்தான் வாசிக்கிறாள். நல்ல கனத்த குரல், மைக் வேண்டாம்.

அமலுவின் செல்போன் அடித்தது. ஜெனிபர், அவளுடைய மகள், இருபத்திரண்டு வயது, போலீஸ் வேலைக்குத் தேர்வு எழுதிவிட்டு நாளை மறுநாள் ஓட்டத்துக்காகக் காத்திருப்பவள். என் கிட்னியப் பறிச்சவன் உடுப்பப் போடப் போறியா என்று அவர் கேட்டதற்கு, நான் போட்டா ஒங்கள அடிக்க மாட்டேன் தாத்தா, நெழல்ல உக்கார வச்சு மோர் வாங்கித் தருவேன் என்றவள். "சாப்ட்டுட்டு ஓடுடி," என்றாள் அமலு போனில். "போன வாரம் மாதிரி விழுந்து கெடக்காத. கிரவுண்டுல எல்லாரும் சிரிச்சாங்களாம்ல." வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "டயட்டு டயட்டுன்னு காலையில ஒன்னும் திங்கறதில்ல. நானூறு மீட்டர் முடிக்கையில பொத்துன்னு விழுந்துட்டா. சாயந்திரம் மறுபடி ஓடப் போறாளாம்." இன்னாசிமுத்துவுக்கு நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் கேட்டது, கருவி இல்லாமலே, சளக், சளக். சொல்ல வேண்டியதில்லை, டாக்டர் எல்லாருக்கும் எடுக்கச் சொல்றாங்க என்று பொதுவாகச் சொல்லிக் கூட்டிப் போய்விடலாம். எல்லாருக்கும்னா எதுக்கு என்று கேட்பாள். அவள் கேட்கிற பெண். அவர்தான் கேட்கக் கற்றுக்கொடுத்தார், காரணம் எழுதாத காகிதத்தில் கை வைக்காதே என்று. எங்கப்பாவ கம்பெனி கொன்னுச்சு, எங்களுக்கென்ன வியாதி என்பாள். நாற்பத்தைந்து வருஷமாக அவர் ஊட்டிய பதில் அது, அதைக் கொண்டே அவள் மறுத்துவிடுவாள். அவர் செத்துப்போனால் இன்னும் மோசம். தாளம் தப்பிவிட்டால், இன்று ராத்திரியே தப்பிவிட்டால், ஒன்பதாவது படத்தைப் பார்த்தவன் பூமியில் ஒருத்தனும் இருக்க மாட்டான். சேஷகிரி எப்போதோ போய்விட்டார். சங்கம் என்ன ஆகும். மலர் என்ன ஆகும். எட்டுப் பேர் விஷயத்தில் கம்பெனி செய்தது பொய்தான், அது பொய்யாகவே இருக்கட்டும், அதை யாரும் அழிக்க முடியாது. ஒன்று மட்டும். ஒன்றைக் கழற்றினால். மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கிறேன், அதே தகரக் கூரை, அதே பசை வாளி.

"பேனா குடு பிள்ள," என்றார். அச்சுத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்க வெள்ளையில் எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. இரண்டு தடவை அடித்துத் திருத்தினார், மூன்றாவது தடவை திருத்தவில்லை. எழுந்து கதவுக்குப் போனார். காவலாளி கையை நீட்டினான். "ஒங்க நம்பர் முடிஞ்சிருச்சு பெரியவரே." "என் நம்பர் முடியல. நாலாவதுல நிக்குது," என்று அவனை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அமலு பதறிப்போய்ப் பின்னால் வந்தாள். டாக்டரம்மா அடுத்த நோயாளியை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் சாட்சி. ஒன்னும் சொல்ல வேண்டாம், கேட்டாப் போதும்." நவநீதன் டாக்டரம்மாவைப் பார்த்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவர் தாளை அமலுவிடம் கொடுத்தார். "என்ன பெரியப்பா இது, ஆஸ்பத்திரியில வந்து?" "மனு. வாசி." "யார் மேல?" "பேரு கடைசியில. ஒனக்குத் தெரியாதா."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தொண்டையைச் செருமி, வாசல் கூட்டத்துக் குரலில் ஆரம்பித்தாள். அவளுக்கு வேறு குரலில் வாசிக்கத் தெரியாது. "எழுபத்தொன்பது தை மாதம் கம்பெனி கொடுத்த ஒன்பது படங்களில் எட்டு பொய். ஒன்று மெய். மெய்யானது சந்தியாகுவின் படம்." நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது அணைந்திருந்தது. "அதைத் தெரிந்துகொண்டே ஒரு ஆள் அந்தப் படத்தை மறைத்து, முதல் படத்தையே ஒன்பதாவதாகத் தூக்கிக் காட்டினார். அவனைத் தூக்க விடாதே என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கிழித்தார். சந்தியாகுவிடம் சொல்லவில்லை. அவன் மனைவியிடம் சொல்லவில்லை. மகளிடம்..." குரல் இறங்கியது. "மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஆகவே நான்காவது தப்பு கம்பெனியுடையது மட்டும் அல்ல. கோரிக்கை. இந்த வியாதி ரத்த வழியாக வருவது என்பதால், சந்தியாகுவின் மகள் அமலோற்பவத்துக்கும் பேத்தி ஜெனிபருக்கும் இன்றே இந்த அறையில் படம் எடுக்க வேண்டும். ஜெனிபர் இன்று சாயந்திரம் ஓடக் கூடாது."

டாக்டரம்மா, நவநீதனிடம் ஏதோ சைகை காட்ட, அவன் கட்டிலில் புதுத் தாளை விரித்தான். அமலு தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய கட்டைவிரல் கடைசி வரியின் மேல் இருந்தது, எடுத்தால் என்ன வரும் என்று தெரிந்தவள் போல. "போதும் பெரியப்பா," என்றாள். "அவளுக்குப் போன் பண்றேன்."

"பண்ணு. அதுக்கு முந்தி பேர வாசி. பேரு வாசிக்காத மனு செல்லாது."

அவள் விரலை எடுத்தாள். சாட்சிகள் இருவரையும் ஒரு தடவை பார்த்தாள், முறைப்படி பார்க்க வேண்டியபடி. பிறகு வாசித்தாள், மைக் இல்லாமல், காவலாளிக்கும் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

"இன்னாசிமுத்து. தகப்பனார் பெயர் அருளப்பன். மேற்கு ஷாப்பு, சுண்ணாம்புக் குழிப் பிரிவு."